கடல் மட்டத்துக்குச் சரியான எண்

இன்று காலை படகுக்காரர் என் கழுத்தில் ஒரு லைஃப் ஜக்கெட்டை மாட்டிவிட்டார். வெயில் படாமல் மூலையில் குவிந்து கிடந்த துணியின் பூஞ்சண நெடி. அதோடு கொஞ்சம் மீன், கொஞ்சம் டீசல். மூக்கில் ஏறியதும் எனக்கு வியர்த்துவிட்டது. நான் தண்ணிக்குப் பயந்தவன் என்று நினைத்து, "ஆழமில்லை ஐயா, விழுந்தா நிண்டு கதைக்கலாம்" என்று அவர் ஆறுதல் சொன்னார். வாவிக் கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு வந்த மானக்கேட்டைப் பார். என்னைப் பயமுறுத்தியது தண்ணி இல்லை. இந்த நெடி வந்தால் நீ என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி, மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்பாய். அதற்குத்தான் பயம்.

நாளை மறுநாள் எங்கள் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம். மறுபடியும் மட்டக்களப்பில், மறுபடியும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படகுச் சவாரி. நீ கண்ணை மூடியபின் நடக்கிற முதல் கூட்டம் இது. காலையில் படகு பார்த்தது உட்பட ஏற்பாடெல்லாம் என் தலையில் விழுந்திருக்கிறது.

மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கம் என்று பெயர்ப்பலகையில் போட்டால் மண்டபக்காரனே இரண்டு தரம் வாசித்துப் பார்க்கிறான். என் மாமியார் இன்றைக்கும் நான் எக்ஸ்ரே மெசின் திருத்துகிறவன் என்றுதான் ஊருக்குச் சொல்கிறார். நீ மண்டூர்ப் பக்கம் போனால் உன்னை டொக்டர் என்று கூப்பிட்டுக் கால் வீக்கத்தைக் காட்டுவார்கள். புற்றுநோய்க்கு எவ்வளவு கதிர் என்று மருத்துவர் எழுதுவார். எழுதிய அளவுதான் இயந்திரத்திலிருந்து வருகிறதா என்று அளந்து பார்ப்பது நாங்கள். தராசுக்குக் காவல் நிற்கிற வேலை. நாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களை ஒரே படகில் ஏற்றினால், அது கவிழ்ந்தால், கதிர்ச் சிகிச்சையே நின்றுபோகும் என்பதால் இரண்டு படகாகப் பிரித்தே ஏற்றுவோம். இந்தப் பகிடியை நான் எல்லா வருடமும் சொல்வேன். எல்லா வருடமும் சிரிப்பார்கள்.

நான் மலைநாட்டுக்கு மாற்றலான அந்த வருடமும் சிரித்தார்கள். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கூட்டம் வெள்ளிக்கிழமை. காலையில் கட்டுரைகள் வாசித்தோம், யாரும் கேள்வி கேட்கவில்லை. உண்மையான அமர்வு வழக்கம்போலத் தேநீர் மேசையில் நடந்தது: யாருக்கு இடமாற்றம், யார் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார், யாருடைய மனைவி அதற்குச் சம்மதிக்கவில்லை. அன்று மாலை செயலாளர் தெரிவு. என் பெயர்தான் அடிபட்டது. கரையோரத்தில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு, மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றலாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. புது சுவெட்டரும் புதுப் பெருமையுமாக வந்திருந்தேன். சாப்பாட்டின் நடுவில் தலைவர் ஒலிவாங்கியைக் கையில் தந்து, "எல்லாரையும் கொஞ்சம் சிரிக்க வையும்" என்றார். குரங்கின் கையில் பூமாலை.

காற்றமுக்கம் அளக்கிற எங்கள் ஆஸ்பத்திரிப் பாரமானி செத்துப்போன கதையைச் சொன்னேன். காற்றமுக்கம் தெரியாமல் எங்களுடைய அளவுக் கணக்கு ஓடாது. புதியதற்கு எழுதிப் போட்டால் அது என் ஓய்வூதியக் கடிதத்தோடு சேர்ந்து வரும். ஆகவே தினமும் காலையில் வானிலைக் காரியாலயத்துக்குப் போன் எடுத்து அமுக்கம் எவ்வளவு என்று கேட்கிறேன், மூன்றாம் நாள் அங்கே இருந்த பிள்ளை, "சேர், உங்களுக்கு உண்மையாவே அமுக்கம்தானா வேணும்?" என்று கேட்டாள். வீட்டில் மனைவி, வேலையில் பணிப்பாளர், எனக்கு அமுக்கத்துக்கு என்ன பஞ்சம் என்றேன். மண்டபம் குலுங்கியது. விடுவேனா? அந்த எண்ணை வைத்துச் செவ்வாய்க்கிழமை அளந்தால் இயந்திரம் நூற்றுக்கு ஆறு வீதம் குறைத்துத் தருகிறது என்றேன். அரசாங்க உத்தியோகத்தரோடு பழகி அதுவும் கள்ளம் பண்ணப் பழகிவிட்டது. முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஆறு வீதம் கூட்டி விட்டேன் என்றேன். தலைவர் சிரித்துப் புரைக்கேறித் தண்ணி குடித்தார்.

நீ சிரிக்கவில்லை. கடிக்கப்போன நண்டுக் காலைச் சாப்பாட்டுக் கோப்பையில் திரும்ப வைத்தாய். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சாப்பாட்டை முடிக்காமல் வெளியே போனாய். உன் பொறாமை என்று நினைத்தேன். கம்பஸில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்து பரீட்சைப் புள்ளியில் நீ முன்னுக்கு, கைதட்டில் நான் முன்னுக்கு.

படகில் எல்லாருக்கும் இதே நெடியடிக்கிற ஜக்கெட்டை மாட்டிவிட்டார்கள். நீ என் பக்கத்தில் இருந்தவரை எழுப்பி அனுப்பிவிட்டு உட்கார்ந்தாய்.

"அந்தப் பிள்ளை தாற எண் எந்த மட்டத்துக்கு?"

"என்ன மட்டம்?"

"கடல் மட்டமா, உன்ட ஆஸ்பத்திரி மட்டமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வானிலைக்காரர்கள் எல்லா ஊர் அமுக்கத்தையும், அந்த ஊர் கடல் மட்டத்தில் இருந்தால் எவ்வளவோ அவ்வளவாக மாற்றித்தான் சொல்வார்கள். அப்போதுதான் ஊரோடு ஊரை ஒப்பிடலாம். எங்கள் மட்டக்களப்பில் அந்த எண்ணுக்கும் நிசத்துக்கும் வித்தியாசம் இல்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் என்ன உயரம் இருக்கிறது? கரையோரத்தில் இருந்த காலத்திலும் பாரமானி பழுதான நாட்களில் நான் இதையேதான் செய்தேன். ஒரு பிழையும் வரவில்லை. ஆனால் மலையில் காற்று மெலிது. எங்கள் கருவிக்குள் இருக்கிற காற்றும் மெலிது, அதனால் அது குறைத்தே காட்டும். அந்தக் குறையைத் திருத்தத்தான் அமுக்கமே வேண்டும். கரைக்குரிய எண்ணை மலையில் போட்டால் திருத்தம் நடக்காது. கரையில் பிறந்தவன் மட்டுமே விடக்கூடிய பிழை.

"எத்தின அடி உயரம்?" என்றாய்.

ஆயிரத்து எழுநூறு அடி வரும் என்றேன். நீ சொல்லச் சொல்லக் கைப்பேசியில் தட்டினேன். ஆறு வந்தது. இயந்திரம் களவாடியதாக நான் மேடையில் சொன்ன அதே ஆறு. இயந்திரம் ஒன்றையும் களவாடவில்லை. செவ்வாயிலிருந்து நான்தான் எல்லாருக்கும் ஆறு வீதம் கூடக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வாவியில் மிதந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் அங்கே சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

"இப்ப ஆரு மெசின்ல?" என்றாய்.

எனக்கு ஒரே ஒரு ஆள்தான் நினைவில் வந்தார். ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர், தொண்டையில் புற்று, குரல் காற்றாகத்தான் வரும். அவருடைய கட்டிக்கு ஒரு விரல் தள்ளி முள்ளந்தண்டு நரம்பு. அது தாங்குகிற அளவுக்கு மேலே போனால் கை கால் விழுந்துவிடும். அவருடைய கணக்கை நானே விளிம்பு வரைக்கும் இழுத்துப் போட்டிருந்தேன், கொஞ்சமும் மிச்சம் வைக்காமல். தினமும் மூன்றரைக்கு அவருடைய முறை. அப்போது மூன்று பத்து.

போனை எடுக்கச் சொன்னாய். நான் வாய்ப் பேச்சை எடுத்தேன். திங்கட்கிழமை போய் வேறு பாரமானியால் அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் நிச்சயமில்லையே என்றேன்.

"நிச்சயமில்லாட்டி ஓட்டுறதா, நிப்பாட்டுறதா?"

ஒரு நாள் ஆறு வீதம் பெரிய விசயமில்லை என்றேன்.

"கழுத்து ஆருட?"

மற்றவர்கள் தண்ணிக் கானில் தாளம் போட்டுப் பைலா பாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த படகிலிருந்து தலைவர், "செயலாளர் ஐயா, ஒரு பாட்டு" என்று கத்தினார். நான் கையசைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசும். போனை எடுத்தால் பணிப்பாளர், விசாரணை, மேடையில் நானே சொன்ன சாட்சி. பதற்றத்தில் எனக்குப் பகிடி வரும், உனக்குத் தெரியும்தானே. கணக்குப் பிழைத்தாலும் ஆள் பிழைத்தால் சரிதானே என்றேன்.

நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டாய். "மறுகா சிரிப்பம். இப்ப எடு. நீ எடுக்கிறியா, நான் எடுக்கவா?"

அன்றைக்கென்று சிக்னலும் நாலு கோட்டோடு நின்றது. ஒரு சாட்டுக்கும் வழியில்லை. எடுத்தேன். கதிர்ச் சிகிச்சை அறையில் பொறுப்பாக இருந்தவர் விஜிதா. "சேர், கூட்டம் நல்லா போகுதா? ஒரு ஆள் வரேல்ல, அதனால மூண்டரை ஆள இப்பவே ஏத்திட்டம். மாஸ்க்கும் போட்டாச்சு, கதவ மூடப்போறம்" என்றார்.

நீ என் முழங்கையைப் பிடித்தாய்.

"நிப்பாட்டுங்க" என்றேன். "இண்டைக்கு இனி ஒருத்தருக்கும் போடவேணாம்."

"ஏன் சேர், மெசின்ல ஏதும் பிழையா?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழி இரும்பின் மேல் போய்விடும். இரும்பு மறுத்துப் பேசாது. நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பார்த்திருந்தால் உனக்காகச் சொன்னேன் என்று பிற்காலத்தில் கதை விட்டிருப்பேன்.

"மெசின்ல ஒண்டுமில்ல. பிழை என்ட" என்றேன்.

விஜிதா போனை வைக்காமலே ஓடினார். கனத்த கதவு திரும்பத் திறக்கிற சத்தம் கேட்டது. அதன்பின் முகமூடியை மேசையோடு பூட்டுகிற கொளுக்கிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எண்ணினேன். கடைசிக் கொளுக்கியும் கழன்றபிறகுதான் மூச்சு விட்டேன். நடத்துநர் ஏதோ கேட்பது காற்றுச் சத்தமாக மட்டும் வந்தது. பிறகு நீ சொல்லாமலே மருத்துவருக்கும் எடுத்தேன். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. எழுதினால் இது நினைவு மடலாக இராது.

தெரிவுக்கு முன்னமே நாங்கள் என் மலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம், உங்கள் ஆஸ்பத்திரிப் பாரமானியை உன் மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு. படகில் குசுகுசுத்ததையும், அந்த மாலையே இரண்டு பேரும் காணாமல் போனதையும் முடிச்சுப் போட்டுச் சங்கம் இரண்டு வருடத்துக்குக் கதைத்தது. வான் ஓட்டியது உன் கணவர் என்பதையும், வழி முழுக்க அவர் எனக்கு வெங்காய விலை சொல்லிக்கொண்டு வந்தார் என்பதையும் கதையிலிருந்து வசதியாக வெட்டிவிட்டார்கள். வம்பு எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் வெட்டியிருப்பேன். செயலாளர் பதவி வேறொருவருக்குப் போனது.

சனிக்கிழமை அளந்தோம். ஆறுதான். திங்கட்கிழமை மருத்துவரும் நானும் ஒவ்வொரு நோயாளியாகக் கூப்பிட்டுச் சொன்னோம். மூன்று நாள் கூடிப்போனதை மிச்ச நாட்களில் குறைத்துச் சரிக்கட்டலாம் என்று மருத்துவர் சொன்னார். நாலாவது நாளும் ஏறியிருந்தால் நடத்துநருடைய கழுத்துக்கு அந்தக் கணக்கு இடம் தந்திராது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, காற்றுக் குரலில், "கூட ஏத்திட்டீங்க. சரி சார், அடுத்த ட்ரிப்புல கொறச்சு ஏத்துங்க" என்றார். நான் சிரிக்கவில்லை. வெளியே போய்த் தண்ணிக் குழாயடியில் முகம் கழுவினேன். அவர் சிகிச்சையை முடித்துக்கொண்டு தன் காலால் நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

அடுத்த வருடக் கூட்டத்துக்கு, என்னைக் கேட்காமலே நிகழ்ச்சி நிரலில் என் பெயரைப் போட்டுவிட்டாய். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். மேடையேற முன்னம் பக்கத்தில் வந்து, "பகிடி விடாத. சிரிச்சா மறந்திருவாங்க" என்றாய். இருபது நிமிடம் நான் ஒரு பகிடியும் விடாமல் பேசியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் இருமவும் இல்லை. முடிந்ததும் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் இருந்தார்கள். நீ கடைசி வரிசையில் எதையோ குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாய்.

தேநீர் நேரத்தில் ஒருவர் என்னைக் கை கழுவுகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். எங்களுக்கு மூத்தவர். அவர் எழுதிய குறிப்புகளை வைத்துத்தான் நீயும் நானும் பரீட்சை எழுதினோம். குழாயைத் திறந்து தண்ணியை ஓடவிட்டுவிட்டு, "நானும் வானிலைக்காரரிட்ட இருந்துதான் எண் எடுக்கிறன்" என்றார். அவருடைய ஆஸ்பத்திரியும் மலையில். அவருடைய சிகிச்சை அறை நம்பர் எங்கே என்று கேட்டேன், போனைப் பிடித்துக்கொண்டேன், அவர் சிகிச்சையை நிறுத்தச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். வாவிப் படகில் நீ பிடித்த மாதிரி அவருடைய முழங்கையையும் பிடித்திருந்தேன். கழுவிய கை வழுக்கியதால் இறுக்கியே பிடித்தேன்.

இன்னொருவரும் நிறுத்தினார் என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். ஆர் அது என்று நீ இரண்டு தரம் கேட்டாய். ஒரு தரம் அன்றைக்கு. மற்றத் தரம் கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது, தலையணையிலிருந்து, கண்ணில் குறும்போடு. "நீ வாய் திறக்காத ஒரே விசயம் அதுதானே, ஆரெண்டு சொல்லன்" என்றாய். நான் மாம்பழத்தை வெட்டிக்கொண்டு வேறு கதை கதைத்தேன். உனக்குக் கோபம் வந்ததா தெரியாது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டாய்.

அவர் நாளை மறுநாளும் வருவார். முன் வரிசையில் இருப்பார், என் பகிடிக்குச் சிரிப்பார். ஊர்ப்பட்ட இரகசியத்தையெல்லாம் தேநீர் ஆற முன்னம் விற்றுத் தீர்க்கிற என் வாயில் அந்தப் பெயர் மட்டும் அப்படியே கிடக்கிறது. உன்னிடமே சொல்லாததை இந்தக் கடதாசியிலும் எழுதமாட்டேன்.