எட்டு டிஸ்க்குக்குப் பொட்டு

ஆவணி 5, திங்கள்

காலையில் தூறல். கோணல் எழுத்துக்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன்? இந்த நோட்டிடம்தான். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் நானே எழுதியது! அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கற்று.

மகள் மங்கையின் கம்ப்யூட்டர் கடைக்குப் பெரிய ஆர்டர். ஜூஜுவாடியில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் கம்பெனி. அவர்களுடைய காவல் கேமராப் படங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி. எட்டு ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றும் ஒரு ட்ரேயில் உட்கார்ந்து, மேஜை டிராயர் மாதிரி உள்ளே போகும். சனிக்கிழமை கொடுக்க வேண்டும். நல்லபடி முடிந்தால் அவர்களுடைய இன்னொரு யூனிட்டும் இவளுக்கே.

ட்ரே பிளாஸ்டிக்கா, இரும்பா? முடிவாகவில்லை.

ஆவணி 6, செவ்வாய்

வெயில். மங்கையோடு கம்பெனிக்குப் போனேன். பெட்டி வைக்கும் அறையின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிரஸ் மிஷின். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு. "ஏன் தாத்தா, கோயிலா இது?"

முப்பது வருஷம் கல் அறுக்கும் மிஷின் பக்கத்தில் நின்ற கால். அதிர்வு உள்ளங்காலில் ஏறியது. "பிளாஸ்டிக் வேணாம்மா, ஆடும்" என்றேன். மங்கையும் செருப்பைக் கழற்றி நின்று பார்த்தாள்!

வாங்க வேண்டியது:
இரும்பு ட்ரே 8
ரப்பர் வாஷர் 32
ஸ்க்ரூ 32, குட்டை. நீளமானது டிஸ்க்கையே குத்திவிடுமாம்.

ஆவணி 8, வியாழன்

சாமான் வந்தது. நான் ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்க, மங்கை மாட்டினாள். அவள் சாப்பிடப் போனாள். புதுச் சாமான், வெறும் நெற்றியோடு இருக்கலாமா? சந்தனம் குழைத்தேன். ஒவ்வொரு டிஸ்க் மேலும் சின்னதாக ஒரு ஓட்டை. பொட்டுக்கென்றே விட்ட இடம் மாதிரி. அதன் மேலேயே வைத்தேன். பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ. நான் படித்தது தமிழ்தானே. மூன்றாவதுக்கு வைக்கும்போது மங்கை வந்துவிட்டாள்.

"ஐயோ அப்பா! அது டிஸ்க்கு மூச்சு விடுற ஓட்டை. மூடாதேன்னு பக்கத்துலயே போட்டிருக்கு. எத்தனைக்கு வெச்ச?"

"மூணு."

துடைத்தாள். இரண்டு சுத்தம். முதலாவதில் சந்தனம் உள்ளே போயிருக்கலாம். சோதனை ஓடுகிறது. நாளைக்குத்தான் தெரியும். திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவே இல்லை.

ராத்திரி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். என் வீட்டுக்காரி காளியம்மா: "பொட்டு வெச்ச கைய யாரும் வெட்டிட மாட்டாங்க. தின்னுய்யா."

ஆவணி 9, வெள்ளி

மழை. மூன்றும் தேறிவிட்டன. ஆனாலும் முதலாவதைக் கழற்றினாள்.

"தேறிடுச்சேம்மா?"

"சந்தேகத்தோட குடுக்க மாட்டேன்ப்பா. இது நம்ம கடை கம்ப்யூட்டர்ல இருக்கட்டும்."

வேறொன்று வாங்கப் பெங்களூர் வரை பஸ்ஸில் போய் நனைந்து வந்தாள். துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

ஆவணி 10, சனி

பெட்டியை அறையில் வைத்தாயிற்று. மங்கை பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்! ட்ரேயின் கைப்பிடியைக் காட்டினாள்.

"இங்க வெய்ப்பா. இங்க ஓட்டை இல்ல."

எட்டுப் பொட்டு. சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். கேலிக்குத்தான். இருந்தாலும்.

இன்னொரு யூனிட்டும் மங்கைக்கே.

கடைக்குத் திரும்பியதும் ஒரு அட்டை கேட்டு வாங்கி எழுதினேன்: "டிஸ்க் மேல் உள்ள ஓட்டையை மூடாதே." கடைசி எழுத்து ஓரத்தில் இடித்துக்கொண்டது. மங்கை அதை வேலை மேஜைக்கு மேல் ஒட்டினாள்.

"ஸ்க்ரூ டப்பாவுக்கெல்லாம் பேரு எழுதித் தர்றியாப்பா?"

பதினாறு டப்பா. அடுத்த வாரம் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முதல் டப்பாவுக்கு "குட்டை".