யார் முறை?

பிப்ரவரி 11

நாற்பத்தாறு எக்ஸ்ரே படங்கள். எசென் அண்ணன் பக்கத்து அறையில், நான் இங்கே. தனித்தனியாகப் பார்த்து, ஒத்துப்போகாததை மட்டும் டீயோடு உட்கார்ந்து தீர்க்க வேண்டும். கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் படிவத்தில் இரண்டே கட்டம்: காசநோய் உண்டு, இல்லை. இன்று மூன்றில் தகராறு. பதினெட்டு வருடமாக ஒரே ஆஸ்பத்திரியில் டாக்டர்களாக வேலை பார்க்கிறோம், ஒரு நிழலுக்காக முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியுமா? ஆளுக்கொரு முறை விட்டுக்கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். யார் முறை என்பது மறந்துபோகிறது. அதனால் இந்த டைரியின் ஓரத்தில் படத்தின் எண், ஜெயித்தவரின் முதல் எழுத்து: அவருக்கு எ, எனக்கு சை. 1187 – எ.

அந்த 1187 மட்டும் மனதில் உறுத்துகிறது. அட்-பஷி கிராமத்திலிருந்து வந்த சாதத். குதிரைப் பால் கறப்பவள், மடியில் ஆறு மாதக் குழந்தை. காறை எலும்புக்குக் கீழே ஏதோ இருக்கிறது என்றேன்.

"பழைய தழும்பும்மா அது. போன தடவை உன் முறை."

அவர் முறைதான். 'இல்லை' என்று போட்டு அனுப்பிவிட்டோம்.

மார்ச் 3

61 படம். தகராறு ஐந்து. சை, எ, சை, எ, சை. முதுகுவலி.

ஏப்ரல் 22

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து, எங்கள் படிவங்களை வைத்துக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் இல்கிஸ் அந்தக் கணினியோடு வந்துவிட்டான். எங்கள் முடிவோடு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஒத்துப்போகிறதாம். ஜூனில் எக்ஸ்ரே வண்டி சோங்-கோல் மலை மேய்ச்சலுக்கு ஏறும், டாக்டர் இல்லாமல், இதை மட்டும் நம்பி. மந்தையோடு மேலே போன குடும்பங்கள் செப்டம்பரில்தான் இறங்குவார்கள். ஒரு கூடாரத்தில் ஒருத்தர் இருமினால் போதும். இதை நம்பலாம் என்று எசெனும் நானும் கையெழுத்துப் போட வேண்டும்.

1187ஐப் போடச் சொன்னேன். 'இல்லை. உறுதி 98.'

"எனக்கே அவ்வளவு உறுதி இல்லியேப்பா," என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வாயா சொன்னதத்தானக்கா அது படிச்சிருக்கு."

ஒரே வாயாக.

ஏப்ரல் 23

முறை வைத்து விட்டுக்கொடுத்ததை இல்கிஸிடம் சொல்லவில்லை. ஏன்? வெட்கம், வேறென்ன. டைரி ஓரங்களை எண்ணிப் பார்த்தேன் – தகராறு 137.

ஏப்ரல் 25

இல்கிஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எசெனிடம் சொன்னேன். பூர்சோக் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அறுபத்திரெண்டு வயசுல என்னைச் சந்தி சிரிக்க வைக்கப் போறியா?"

"என்னையும் சேர்த்துத்தான் அண்ணே சிரிக்கும்."

"மரியாதைக்கு விட்டுக்கொடுத்தோம். அது ஒரு குத்தமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மரியாதை நமக்குள்ள, நுரையீரல் அவளோடது, என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

ஏப்ரல் 28

இல்கிஸிடம் டைரியைக் கொடுத்தேன். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவன் ஓரங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"இத ஏன்க்கா முதல்லயே தரல?"

ஜெயித்தவர் யார் என்று தெரிந்தால், படிவத்திலிருந்து அவர் சொன்னது தெரிகிறது. இரண்டே கட்டம் என்பதால் தோற்றவர் சொன்னதும் தெரிந்துவிடுகிறது. ஆக, எந்தப் படம் சுலபம், எந்தப் படம் கஷ்டம் என்பது முழுக்க இந்த ஓரத்தில் கிடக்கிறது. இரண்டையும் ஒரே குரலில் சொல்லிக்கொடுத்தோம். கணினியும் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்கிறது.

"நீங்க முழிச்ச எடத்துல அதுவும் முழிக்கணும்க்கா," என்றான். மூன்றாவது பதில் ஒன்று வைக்கிறானாம்: தெரியவில்லை, டாக்டர் பார்க்கட்டும்.

137 பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். தலைமை டாக்டரிடம் நாங்கள் இருவருமே போய்ச் சொன்னோம். நன்றாகத் திட்டு கிடைத்தது.

மே 6

சாதத் வந்தாள். இளைத்திருக்கிறாள். சளிப் பரிசோதனையில் – இருக்கிறது.

குழந்தைக்கு இதுவரை ஒன்றுமில்லை. தடுப்பு மருந்து தொடங்கியாயிற்று. பிப்ரவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், எங்கள் தப்பு என்றேன். அவள் திட்டவில்லை.

"பால் குடுக்கலாமா டாக்டர்?"

"குடுக்கலாம்மா. முகமூடி போட்டுக்கிட்டுக் குடு."

அவள் போன பிறகு அழுதேன். மூன்று மாதம் அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேரே இருமியிருக்கிறாள்.

மே 7

எசென் வேலைக்கு வரவில்லை.

மே 30

137ல் இன்னும் நான்கு பேருக்கு இருந்தது. இரண்டு அவர் முறை, இரண்டு என் முறை.

புதிதாகப் படித்துவந்த கணினியிடம் 1187ஐக் காட்டினோம். 'தெரியவில்லை.' இவ்வளவு சந்தோஷமாக அந்தச் சொல்லை நான் படித்ததில்லை. நூற்றுக்குப் பதினான்கு படத்தில் அப்படித்தான் சொல்கிறது. "தெரியலன்னு சொல்ல ஒரு மிஷினா?" என்றார் தலைமை டாக்டர். அதற்குத்தான் என்று எசென் சொன்னார். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ஜூன் 12

சோங்-கோலிலிருந்து முதல் நாள்: 83 படம். கணினி தானே முடித்தது 72. எங்களிடம் அனுப்பியது 11.

எசென் பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். நான்கில் ஒத்துப்போகவில்லை. டீ ஊற்றினேன். அவர் பேனாவை எடுத்து, "யார் மு–" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். புதுப் படிவத்தில் இருவருக்கும் தனித்தனி வரி இருக்கிறது. முதல் படத்துக்கு அவர் 'உண்டு' என்று எழுதினார். அதற்குக் கீழே நான் 'இல்லை' என்று எழுதினேன். நான்கு பேரும் சளிப் பரிசோதனைக்கு நாளை வண்டியிலேயே இறங்கி வருகிறார்கள்.

டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தோம்.