விழாத பிரேக்கர்

என் கண்ணு மிர்னாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இன்றுவரை எல்லாரும் நன்றாக இருக்கிறோம், அங்கே மோன்ட்ரியாலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். ஸாஹ்லேயில் இந்த வருஷம் பனி கொட்டித் தீர்க்கிறது. நான் போனை எடுத்தாலே உன் தம்பி நபீஹ் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான், அதனால்தான் இதை எழுதி, நாளைக்கு அங்கே கிளம்புகிற உன் சித்தப்பா பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் அவனைப் பற்றித்தான். தெரு ஜெனரேட்டரில் நமக்கு ஐந்து ஆம்பியர் சந்தாதானே, ஹீட்டரோடு இன்னொன்றைப் போட்டால் பிரேக்கர் விழுந்து கரண்ட் போய்விடும், யாராவது போர்த்திக்கொண்டு திட்டிக்கொண்டே படியிறங்கிப்போய்த் தூக்கிவிட வேண்டும். குழந்தை பிறந்ததும் இவனுக்குப் பொறுமை போய்விட்டது. வேலை செய்கிற கல் அறுக்கும் ஆலையிலிருந்து, பெரிய மோட்டாருக்கு மாட்டுகிற, செங்கல் கனத்துக்கு ஒரு பிரேக்கரைக் கொண்டுவந்து, சின்னதைப் பிடுங்கிப்போட்டு இதை மாட்டினான். ஷாக் அடித்தால் விழுகிற இன்னொன்று இருந்ததே, ஈரத்துக்குச் சும்மா சும்மா விழுகிறதென்று அதையும் கழற்றிவிட்டு ஒயரை நேராகக் கொடுத்துவிட்டான். மீட்டர் ஓடினால் சரி என்று ஜெனரேட்டர்காரரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் சுவருக்குள் ஓடுவது உன் அப்பா காலத்தில் இழுத்த அதே மெல்லிசு ஒயர்தான்.

கேட்டால், "அம்மா, இது ஃபேக்டரி சாமான், இடியே விழுந்தாலும் இது விழாது, நீ போய்க் காப்பியப் போடு" என்கிறான். விழாமல் இருப்பதுதானே எனக்குப் பயம்! கீழே சலூன் வைத்திருக்கிற ஷஃபீக்கும் இவனிடம் சொல்லி ஒன்று மாட்டிக்கொண்டார். ஒரு நாள் நாற்றம் வந்ததாம், "முடிதான் கருகுதுன்னு நெனச்சேன், திரும்பிப் பாத்தா சொவரு கருகுதும்மா" என்றார். அன்றைக்கே பழையதை மாட்டிக்கொண்டார். அவர் பிளக் மட்டமானது என்கிறான் இவன். நம் வீட்டிலும் சாயங்காலமானால் அதே நாற்றம் லேசாக வருகிறது. நான் போய் பிரேக்கரை அணைத்துவிட்டு வந்தேன், உடனே அது இருக்கிற பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டான், பிடிவாதக்காரன்.

தொட்டிலையாவது அந்தச் சுவரைவிட்டு நகர்த்தினேன். அவன் பெண்டாட்டி ரிந்தாலா மறுபடியும் அங்கேயே தள்ளிவிட்டாள். "அத்தை, அங்க போட்டாத்தான் புள்ள தூங்கறான், சொவரு இதமா இருக்கு" என்கிறாள். கை வைத்துப் பார்த்தேன். வெளியே முழங்கால் அளவு பனி, ஹீட்டர் இருப்பதோ எதிர் மூலையில். அப்புறம் சுவருக்கு அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது மிர்னா?

அக்கா பேச்சுக்குத்தான் அவன் அடங்குவான். இது கைக்குக் கிடைத்ததும் கூப்பிட்டு, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், சின்ன பிரேக்கரைத் திரும்ப மாட்டச் சொல். குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. கன்னி மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும், உன் மடியும் நிறையட்டும். பிள்ளைகளைக் கொஞ்சும்போதெல்லாம் "நீதான்டா கண்ணு என்னை அடக்கம் பண்ணணும்" என்போமே, அந்த வரிசை மாறிவிடக் கூடாது.

உன் அம்மா,
வதாத்