பதினொரு உண்ணிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா? நான் நலம்தான். முன்பல் இரண்டு மட்டும் இல்லை.

பயப்படாதீர்கள். இங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு காளைக்கன்றின் மேல் உண்ணிகளை விட்டு வளர்க்கிறோம். கன்றின் ரத்தத்தில் உள்ள நோய்க்கிருமி உண்ணிக்குள் போனதும், உண்ணியின் மரபணுக்களில் எது வேகமெடுக்கிறது, எது அடங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு உண்ணியை நசுங்காமல் பிடுங்கி உடனே உறைய வைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, பதினொன்றைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டபோது கன்று என் தாடையில் உதைத்தது. இரும்புக் கம்பியில் போய் மோதினேன். வாயெல்லாம் ரத்தம். எனக்கும் உங்களைப் போல மூக்குக்கு மேல் கோபம் வருமே. நம் தொழுவத்தில் செய்வதுபோல, கட்டைவிரல் நகத்தால் கிண்ணத்திலிருந்த அத்தனை உண்ணிகளையும் ஒவ்வொன்றாக நசுக்கினேன். படீர் படீரென்று வெடித்தன. கையில் எது என் ரத்தம், எது கன்றின் ரத்தம் என்றே தெரியவில்லை.

ஆய்வுத் தலைவி ஓடிவந்தார். "என்னம்மா பண்ணிட்ட? மூணு மாச உழைப்பு போச்சே" என்றார். என் வாயைப் பார்த்ததும் பஞ்சுப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள். பல் கட்டும்வரை வீடியோவில் கூப்பிட வேண்டாம், சும்மா போனில் பேசுங்கள். தினமும் பேசினாலும் சரி.

நேற்று மாலை அந்தக் கன்று என் கையை நக்கியது. ஒன்பது மாதத்தில் இங்கே என்னைத் தொட்ட உயிர் அது ஒன்றுதான், உதையையும் சேர்த்து.

ஆய்வுக்கூட வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன். கன்றின் காதில் இன்று புது உண்ணிகளை விட வேண்டும்.

உங்கள் மகள்