முப்பத்திரண்டு நாள் மின்சாரம் வேண்டி

அனுப்புநர்:
ஜ. ஹம்ஸா,
முனைவர் பட்ட ஆய்வாளர் (இயற்பியல்),
வடக்கு உத்திர வீதி, ஸ்ரீரங்கம்,
திருச்சிராப்பள்ளி – 620 006.

பெறுநர்:
உதவி செயற்பொறியாளர் அவர்கள்,
மின் பகிர்மானப் பிரிவு,
ஸ்ரீரங்கம்.

பொருள்: 12-08-2025 அன்று அறிவிக்கப்பட்டுள்ள மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை எங்கள் கல்லூரி மின்பாதைக்கு மட்டும் ஒரு வாரம் தள்ளிவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

கரண்ட் ஏன் போகிறது என்று கேட்டு வரும் மனுக்களோடு இதையும் சேர்த்துவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பராமரிப்பு அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை.

1. கொள்ளிடக் கரையிலுள்ள எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஐந்து ஆண்டுகளாகப் பிளாஸ்மா ஆய்வு செய்து வருகிறேன். காற்றை வெளியேற்றிய எஃகுக் கலத்தில் சிறிது ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரம் செலுத்தினால் அது இளம் ஊதாவாக ஒளிரும். அதுவே பிளாஸ்மா. அதில் மிக நுண்ணிய தூளைத் தூவினால், தூள் மின்னேற்றம் பெற்றுக் கீழே விழாமல் அந்தரத்தில் நிற்கும். எல்லாம் கூடிவந்தால் இடைப்புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப் போலத் தானாக வரிசை பிடிக்கும். சனிக் கோளின் வளையங்களிலும் வால்மீன்களின் வாலிலும் தூசும் பிளாஸ்மாவும் இப்படிக் கலந்தே இருப்பதால், பல நாட்டு ஆய்வகங்கள் இதைப் படமெடுத்து வெளியிடுகின்றன. அந்தப் படங்களை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. என் கலத்தில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

2. காரணம் ஈரம். இரண்டு ஆற்றுக்கு நடுவே குடியிருக்கிறோம். கலத்தின் உட்சுவரில் ஒட்டிய ஈரம் போக, சூடேற்றியபடியே பம்பை முப்பத்திரண்டு நாள் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். கலம் பழையது, இரவல் வாங்கியது. தங்கள் மின்தடையோ மாதம் தவறுவதில்லை. பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கும். மின்தடை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. கல்லூரி ஜெனரேட்டர் அலுவலகத்துக்கும் தேர்வுக்கூடத்துக்கும் மட்டுமே. பம்பு நின்றால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். இப்படிப் பதினோரு முறை தொடங்கியிருக்கிறேன்.

3. கடந்த ஜூன் மாதம் லைன்மேன் திரு. அற்புதசாமி அவர்களிடம் வாய்மொழியாகக் கெஞ்சினேன். அவர் மனம் இரங்கி எங்கள் பாதையில் கிளை வெட்டுவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டார். இரண்டாம் நாளே காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து, தெருவே மூன்று மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது. என் பம்பும் நின்றது. அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததாக அறிகிறேன். பிழை முழுவதும் என்னுடையது என்பதை இம்மனுவிலேயே பதிவு செய்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போனபோது, "அது கெடக்கட்டும் மேடம், தூளு அந்தரத்துல நின்னுச்சா?" என்றுதான் கேட்டார்.

4. ஜூலை 15 மாலை மீண்டும் தொடங்கிய பம்பு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்ட் 16 மாலை முப்பத்திரண்டு நாள் நிறையும். தங்கள் அறிவிப்பு 12ஆம் தேதிக்கு. கலத்தை இரவல் தந்த நிறுவனத்தின் வண்டி 20ஆம் தேதி வருகிறது. ஆகவே அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மின்தடையை 19ஆம் தேதி வைத்தால் எனக்கு முழுதாக இரண்டு நாள் கிடைக்கும். ஆடிக்காற்றை நினைத்து நேற்று பாதை நெடுகிலும் நடந்து பார்த்தேன். சென்ற மாதமே மட்டைகள் கழிக்கப்பட்டுவிட்டதால் கம்பிக்கு அருகில் ஏதும் இல்லை.

5. ஆய்வேட்டுக்கு வேறு தரவுகள் உள்ளன. பட்டம் எப்படியும் கிடைத்துவிடும். எனக்கு அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, ஐயா. ஐந்து வருட ஆசை. மனுவுக்கு ஏற்ற வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆகவே, எங்கள் பாதைக்கு மட்டும் மின்தடையை 19-08-2025 அன்றைக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மின்சாரம் இருந்தும் தூள் வரிசை பிடிக்காமல் போகலாம். அந்தத் தோல்வி என்னுடையதாக இருக்கும். அதற்காக யாருக்கும் மனு எழுத மாட்டேன். இந்தப் பதினோரு முறையும் நான் தோற்கவில்லை, ஐயா. தோற்கும் இடம் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ஜ. ஹம்ஸா

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 06-08-2025