கரி எஞ்சின் வரும் வாரம்

அக்டோபர் 7, செவ்வாய்

மழை. விடியுமுன்னே பிடித்தது, இன்னும் விட்டபாடில்லை. கடைவாய்ப் பல் வலி வேறு. கிராம்பைக் கடித்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

தீபாவளி நெருங்கிவிட்டது. வடக்கே போகவேண்டிய கடைசி லோடு பாக்கி. மணி மருந்து அத்தனையும் காயாமல் உள்ளே தட்டுத் தட்டாகக் கிடக்கிறது. இந்த மழைக்கு எங்கள் கம்பெனிமேல் என்ன கோபமோ.

புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்குப் பாடம் எடுத்தேன். வானத்தில் பூவாக விரிகிற வெடிக்குள்ளே இருக்கிற உருண்டைதான் மணி மருந்து. தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டுகிறோம், அன்றே வெயிலில் காயவேண்டும். காயாமல் கிடந்தால் தானாகச் சூடேறும். "தீ வச்சாத்தான அண்ணே பத்தும்?" என்று ஒருத்தி சிரித்தாள். ஆறாம் ரூமில் கூரை ஒழுகி ஒரு தட்டு நனைந்திருந்தது. அதன்மேல் கையைக் காட்டச் சொன்னேன். அடுப்பில் இறக்கி வைத்த பால் போல ஒரு கதகதப்பு. சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தட்டை நானே தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போட்டுத் தூர நின்று எரித்தேன். பயந்துகொண்டேதான் செய்தேன். இத்தனை வருஷம் போர்மேன், இன்னும் பயம் போகவில்லை. இருக்கட்டும். பயமில்லாதவன்தான் போய்ச் சேர்கிறான்.

சாயங்காலம் முதலாளி அண்ணாச்சி வந்தார். வாயெல்லாம் பல். சனிக்கிழமை விருதுநகரிலிருந்து பழைய கரி எஞ்சின் ஒன்று ஸ்பெஷலாக ஓடப்போகிறதாம். காலையில் சிவகாசி வழியாக ராஜபாளையம், சாயங்காலம் அதே வழியில் திரும்புகிறது. அண்ணாச்சிக்கும் பேத்திக்கும் பாஸ் வந்திருக்கிறது.

"நம்ம கம்பெனி வேலியை ஒட்டித்தானப்பா போகுது. ரயில்வே கேட்டுப் பக்கத்துல பெருசா பேனர் கட்டணும். எஞ்சினுக்கு ஒரு மாலை. நீ பாத்துக்க."

சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. கரி எஞ்சின் என்றால் பொறி பறக்குமே.

வாங்க வேண்டியது: கிராம்பு. பொண்டாட்டி பேச்சிக்குக் குடை. சாத்தூர் சேவு கால் கிலோ (பல் ஆறினால்).

அக். 8, புதன்

தூறல். இடையில் ஒரு நாழி வெயில் அடித்து ஏமாற்றியது.

மத்தியானம் ரயில்வே கேட்டுக்குப் போனேன். கேட்கீப்பர் மாரியப்பன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். எஞ்சின் எண்ணெயில் ஓடுகிறதா கரியிலா என்று கேட்டேன்.

"கரிதான்லே. எண்ணெய்ன்னா சனம் பாக்க வருமா? அந்தப் புகையைப் பாக்கத்தான போட்டோகாரன் எல்லாம் வாரான். பின்னாடி ஒரு டீசலும் மாட்டியிருப்பாக, நின்னு போச்சுன்னா தள்ளுறதுக்கு."

"பொறி விழுமா?"

"புகைபோக்கியில சல்லடை போட்டிருக்குன்னு சொல்லுதாக. விழாதுன்னு என்னால எழுதித் தர முடியாது."

எங்கள் காயப்போடும் மேடை இருக்கிற இடம் அப்படி. முன்னே அது கிணற்றடிப் பக்கம் இருந்தது, தண்டவாளத்துக்கு எட்டாத தூரம். கரி எஞ்சின் நின்று டீசல் வந்த பிறகு, அந்தப் பக்கம்தான் நாள் முழுக்க வெயில் என்று வேலியோரமாகக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். ஏன் தள்ளி இருந்தது என்று கேட்க யாரும் இல்லை. இந்த வட்டாரத்தில் வேலியோரம் இருக்கிற எல்லாக் கம்பெனியிலும் இதே கதை. ரயில் மாறியது, நாங்களும் நகர்ந்தோம். இப்போது பழைய ரயில் திரும்பி வருகிறது, ஒரே ஒரு நாளைக்கு.

ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவளும் எங்கள் கம்பெனிதான், ஆனால் பேக்கிங். மருந்துப் பக்கம் அவளை நான் விட்டதில்லை. பொண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று பேசுகிறார்கள், பேசட்டும்.

"அப்ப உங்க ஆத்தா காலத்துல எல்லாம் என்ன செஞ்சாகளாம்?" என்று கேட்டாள்.

சொன்னேன். என் அம்மா அதே கம்பெனியில் வேலை பார்த்தவள். தூரத்தில் விசில் கேட்டதும் பெண்கள் எல்லாரும் தொட்டியில் ஊறுகிற சாக்கை எடுத்து ஓடி, மேடை முழுக்கப் போர்த்திவிடுவார்கள். ரயில் போகும். சாக்கின்மேல் விழுந்த பொறி சுர்ரென்று அணையும். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன், கண்ணில் கரித்தூள் விழுந்து அழுதிருக்கிறேன். பேச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "உங்க ஆத்தா கெட்டிக்காரிதான்" என்றாள், என்னமோ நான் கெட்டிக்காரன் இல்லை என்பதுபோல. மேலே சொல்வதற்குள் கரண்ட் போனது, பக்கத்து வீட்டுக்காரி மெழுகுவர்த்தி கேட்டு வந்தாள், பேச்சு அங்கே போய்விட்டது.

பல் பரவாயில்லை.

அக். 9, வியாழன்

மூடாக்கு. மழை இல்லை, வெயிலும் இல்லை. மணிக்கொரு தடவை உள்ளே போய்த் தட்டுகளின்மேல் கையைக் காட்டிப் பார்க்கிறேன்.

அண்ணாச்சியோடு வாக்குவாதம். சனிக்கிழமை ஒருநாள் கம்பெனிக்கு லீவு விடுங்கள் என்றேன்.

"ஏப்பா, சனிக்கிழமைதான் நல்லா வெயில் அடிக்கும்னு போன்ல போடுறான். அன்னைக்கும் காயப்போடாம உள்ளயே வச்சிருந்தா அது மட்டும் சும்மா இருக்குமா? நீதான போர்மேன், சொல்லு."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல். உள்ளே வைத்தாலும் பயம், வெளியே வைத்தாலும் பயம்.

அவரே கேட்டார்: "அப்பா காலத்துல ஈரச்சாக்கு போடுவாக இல்ல?"

"அண்ணாச்சி, அது அந்தக் காலம். அப்ப வெறும் கரிமருந்து. நனைஞ்சா நமுத்துப் போகும், அம்புட்டுத்தான். இப்ப நாம போடுறது அலுமினியப் பவுடர். ஈரத்தைப் போட்டு மூடினா எஞ்சின் பொறியே வேண்டாம், அதுவே பாத்துக்கும்."

அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்குத் தெரியாதது இல்லை, மறந்துபோயிருந்தது. கடைசியில் ஒரு முடிவு. காலையில் காயப்போடுவது. ரயில் வருமுன் எல்லாத் தட்டையும் உள்ளே எடுத்துவிடுவது. போனபிறகு மறுபடி வெளியே. சாயங்காலம் அது திரும்புவதற்குள் காய்ந்துவிடும்.

சொல்வதற்கு லேசாக இருக்கிறது.

குடை வாங்கியாயிற்று. பூப்போட்டது. பேச்சி முகத்தைச் சுளித்தாள், இருந்தாலும் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

அக். 10, வெள்ளி

வெயில் வந்தது, மத்தியானத்துக்குமேல். கொஞ்சம் காய்ந்தது. மிச்சம் நாளைக்கு.

மருந்துப் பக்கப் பெண்களை வைத்து ஒத்திகை. மாரியப்பன் கேட்டை மூடும்போது தொங்கவிட்டிருக்கிற தண்டவாளத் துண்டில் தட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அந்தச் சத்தம் கேட்டால் தட்டுகளை எடுக்கவேண்டும். ஓடக்கூடாது, இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்கவேண்டும். இரண்டு தடவை செய்து பார்த்தோம். மூன்றாவது தடவை சலித்துக்கொண்டார்கள்.

"அண்ணே, நாங்க எஞ்சினைப் பாக்கவே முடியாதா?"

"டிவியில காட்டுவான், பாத்துக்க."

சாயங்காலம் பாதிப்பேர் நாளைக்கு லீவு கேட்டு வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு மாமியார் வருகிறாள். எல்லா மாமியாரும் ஒரே ரயிலில் வருகிறார்கள் போலிருக்கிறது. தரமாட்டேன் என்றேன். தந்தாலும் தராவிட்டாலும் வரப்போவதில்லை என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

கோயிலுக்குப் போனேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

அக். 11, சனி, காலை

நல்ல வெயில். ஒரு பொட்டு மேகம் இல்லை. காலையிலேயே எல்லாத் தட்டும் மேடைக்குப் போயாயிற்று.

நினைத்தபடியே பாதிப்பேர் வரவில்லை. பேக்கிங்கிலிருந்து ஆள் அனுப்பச் சொன்னேன். வந்தது யார் என்றால் பேச்சி. "மத்தவளுக பயப்படுதாளுக. தட்டுதான தூக்கணும், தூக்குதேன்." திருப்பி அனுப்ப வாயெடுத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாளைக்குத்தான் பொண்டாட்டியைப் பொத்திப் பொத்தி வைப்பான் என்கிற பார்வை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரயில் லேட்டாம். எவ்வளவு என்று தெரியாது. வெயில் ஏறிக்கொண்டே இருக்கிறது. கேட்டுப் பக்கம் திருவிழாக் கூட்டம். ஐஸ் வண்டி, பலூன், வேலிமேல் ஏறி நிற்கிற பயல்கள். சிகரெட் பிடித்த ஒருவனை வேலியோரத்திலிருந்து விரட்டினேன். "உன் அப்பன் வீட்டு ரயிலா?" என்கிறான்.

வாட்ச்மேன் ரூமுக்கு அண்ணாச்சி போன். ரயிலுக்குள்ளிருந்து பேசுகிறார், ஒரே இரைச்சல். நான் கேட்டுக்குப் போய் மாலையோடு நிற்கவேண்டுமாம், வேகத்தைக் குறைப்பார்களாம், டிரைவர் கையில் கொடுக்கவேண்டுமாம். போட்டோ எடுக்கப் பேத்தி தயாராக இருக்கிறாளாம். மாட்டேன் என்று எப்படிச் சொல்ல. கேட்டில் நின்றால் எனக்குத்தான் முதலில் தெரியும், ஓடிவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பேச்சியைப் பொறுப்பாக வைத்துவிட்டுப் போகிறேன்.

சனி, மத்தியானம்

போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை.

கேட்டில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. மாரியப்பன் தட்டிய சத்தம் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. திரும்பி ஓட வழியில்லை, முன்னாலும் ஆள் பின்னாலும் ஆள். வளைவில் கறுப்பாக வந்தது. தரை அதிர்ந்தது. உண்மையைச் சொன்னால் மாலையை நீட்டவே மறந்துவிட்டேன், யாரோ பிடுங்கிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி ஜன்னலில் கையசைத்தார். பேத்தி ரிப்பன் கட்டியிருந்தாள், போனைப் பிடித்தபடி சிரித்தாள். எங்கள் மேடையைத் தாண்டும்போது புகை சரிந்து அந்தப் பக்கமாகவே போனது. கடைசிப் பெட்டி, பின்னால் டீசல், அப்புறம் வெறும் தண்டவாளம்.

ஒரு பொறி விழவில்லை. தட்டையெல்லாம் பேச்சி உள்ளே எடுத்திருப்பாள். இந்த வாரம் முழுக்கத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். என்னை நானே நாலு திட்டு திட்டிக்கொண்டேன். இப்போது போர்மேன் ரூமில். டீ சொல்லியிருக்கிறேன். பல் வலிகூட இல்லை.

பேச்சி வாசலில் வந்து நிற்கிறாள், சேலையெல்லாம் நனைந்திருக்கிறது.

சனி, சாயங்காலம்

கேட்டுப் பக்கத்து வேப்பமரத்தடி. எல்லாரும் வெளியே. எல்லாரும். தலையை எண்ணிப் பார்த்துவிட்டேன், மறுபடியும் எண்ணிவிட்டேன்.

பேச்சி சொன்னது: மாரியப்பன் தட்டியது அவர்களுக்குக் கேட்கவே இல்லை. விசில்தான் கேட்டது, அதுவும் பக்கத்தில். இருந்த ஆளுக்குப் பாதித் தட்டைத்தான் உள்ளே எடுக்க முடிந்தது. "மிச்சத்துக்கு உங்க ஆத்தா செஞ்ச மாதிரியே சாக்கை நனைச்சுப் போட்டு மூடிட்டோம். ஒருத்தி வேண்டாம்னா, உங்க ஆத்தா செஞ்சதுன்னு சொல்லி வாயை அடைச்சிட்டேன். எம்புட்டு வேகமா செஞ்சோம் தெரியுமா. எல்லாரும் சாப்பிட்டு வந்து எடுத்துக்கலாம்னு அப்படியே விட்டிருக்கோம்."

பெருமையாகச் சொன்னாள். நான் பாராட்டுவேன் என்று நின்றாள்.

மேடைக்கு ஓடினேன். கிட்டே போகுமுன்னே தெரிந்துவிட்டது. சாக்கிலிருந்து ஆவி. வெயிலில் காய்கிற துணியிலிருந்தும் ஆவி வரும், இது அது இல்லை. நடு மேடையிலிருந்து, ஒரு வாடையோடு. கையைக் காட்டினேன், உடனே எடுத்துக்கொண்டேன். சாக்கை உருவலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். உருவினால் உரசும். எல்லாரையும் வெளியே விரட்டினேன். சோற்றுத் தூக்கை எடுக்கப் போனவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

தீயணைப்புக்குச் சொல்லியாயிற்று. வண்டி முதலில் வேறொரு தீக்குப் போயிருந்ததாம், இப்போது தீபாவளிக் கடைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறதாம். அதுவரை யாரும் கிட்டே போகக்கூடாது. நானும்தான்.

பேச்சி என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மெதுவாக, "நீங்கதான சொன்னீக" என்றாள். ஆமாம். நான்தான் சொன்னேன். பாதியைச் சொன்னேன். மிச்சப் பாதியை அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, வீட்டில் இருக்கிறவளுக்குச் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆவி இப்போது புகை நிறத்தில் இருக்கிறது. அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது.

திரும்பி வருகிற ரயில். அதை மறந்தே போனேன். மாரியப்பன்தான் ஞாபகப்படுத்தினான். ஸ்டேஷனுக்குப் பேசியிருக்கிறான். காலையில் லேட்டானதால் திரும்பும்போது சீக்கிரமாகவே கிளப்பிவிட்டார்களாம், சிவகாசியைத் தாண்டிவிட்டதாம், இனி அவர்களால் நிறுத்த முடியாதாம். அண்ணாச்சிக்குப் போன் அடித்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. ரயிலுக்குள்ளே பாட்டும் கூத்துமாக இருக்கும். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும். அந்தப் பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு எங்கள் மேடைப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கும், பேனர் இந்தப் பக்கம்தானே.

இந்த வாரம் முழுக்க அந்த ரயில் எங்களை எரித்துவிடும் என்று பயந்தேன்.

மாரியப்பன் சிவப்புக் கொடியோடு தண்டவாளத்தில் ஓடுகிறான். எங்கள் வேலியைத் தாண்டிச் சிவகாசிப் பக்கம் போனால்தான் வளைவில் வருகிற டிரைவருக்குக் கொடி தெரியும். என் வயசுக்காரன், முழங்கால் வலிக்காரன். மேடைக்கு நேராக வந்ததும் தயங்கி நிற்கிறான்.

அவன் கையிலிருந்து கொடியை வாங்கிக்கொண்டு ஓட நான் போகிறேன். நோட்டைப் பேச்சியிடம் கொடுத்துவிட்டு. விடமாட்டேன் என்று சட்டையைப் பிடிக்கிறாள்.

விசில் கேட்கிறது.