நீலக் கதவுக்கு அடியில் ஐந்நூறு ரூபாய்

மேல் லயத்து வரிசை வீடுகளை உடைக்கிறார்கள். பக்கத்து வீட்டு ராசு அங்கிருந்து ஒரு கதவைத் தூக்கி வந்து விறகுக்குப் பிளந்தான். முதல் துண்டு அடுப்பில் பற்றியதும் பழைய வர்ணம் கருகும் வாசம் நம் வீட்டுக்குள் வந்தது. எட்டிப் பார்க்காமலே அது எந்தக் கதவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்தில் நீல வர்ணம் பூசிய கதவு ஒன்றுதான் இருந்தது.

வந்து உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது சொல்லாத ஒன்றை இப்போதாவது சொல்ல வேண்டும்.

அந்தக் கடன் என்னால் வந்தது. நீங்கள் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் கட்டாருக்குப் போங்கள் என்று மூன்று மாதம் உங்களை நச்சரித்தவள் நான்தான். ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைக்குத் தொங்கவிட்டு, நாள் முழுக்க விறகு தள்ளி, நீங்கள் இருமிக்கொண்டே வீட்டுக்கு வருவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஏஜன்சிக்காரன் கேட்ட இருபதாயிரத்தை வேலாயுத மாமாவிடம் வாங்கினோம். ஸ்டோரில் காவக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஆள். மேல் லயத்துக் கடைசியில் தொங்கல் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாக இருந்தார். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாபப் பணத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் வட்டியில்லாமல் கொடுத்தார்.

"மாசம் ஐந்நூறு. சம்பளம் வாங்கின அன்னைக்கே கொண்டாந்துரணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து நாம் இரத்தினபுரிக்குப் போனபோது ஏஜன்சியின் போர்ட்டுகூட அங்கே இல்லை. திரும்பி வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். நீங்கள் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தபோது அந்த ஏஜன்சியின் ரசீதும் சேர்ந்து வந்து சேற்றில் விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டீர்கள்.

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள். இரண்டு பேர் சம்பளத்திலும் அரிசி, மா, தேயிலை எல்லாம் பிடித்துக்கொண்டு மிச்சமாய்க் கையில் தருவதில், முதல் தாள் மாமாவுக்கு. ஆட்டை விற்றோம். இரண்டு தீபாவளிக்குப் புதுத் துணி இல்லை. கருவாடு வாங்கும் நாளை நீங்கள் கலண்டரில் குறித்து வைத்தீர்கள். சம்பள நாள் பொழுது சாய்கையில் நீங்கள் மேல் லயத்துக்கு ஏறுவீர்கள். மாமா கதவைப் பாதி திறந்து, இரண்டு விரலை மட்டும் நீட்டித் தாளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வார். "சரி" என்பார். பிறகு ஒரு இருமல். நானும் உங்களோடு வந்து பார்த்திருக்கிறேன்.

இன்னும் பதினொரு மாதத் தவணை இருக்கும்போது அவர் செத்துப்போனார். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே புதைத்துவிட்டு வந்தோம். தோட்டத்துக் கிளாக்கர் ஐயா காம்பராவைப் பூட்டிச் சாவியை ஒப்பீசில் வைத்துக்கொண்டார். மாமாவிடம் வாங்கியிருந்த மற்றவர்கள், கடன் அவரோடயே போச்சு என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். சொல்லும்போது நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த சம்பள நாள் நீங்கள் சட்டையை மாட்டினீர்கள்.

"எங்க போறீங்க?"

"மாமா வீட்டுக்கு."

"பூட்டின வீட்டுல யாருங்க இருக்கா?"

"கதவுக்கடியில இடைவெளி இருக்கு. அவரு குடுத்தப்ப வாங்கினோம்ல. நாம இன்னும் உசிரோடதானே இருக்கோம்."

உங்களோடு பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் மறுநாள் ரப்பர் பால் வெட்டிவிட்டு வரும்போது, அந்தக் காம்பராவின் ஜன்னல் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே வெளிச்சம் விழுந்த சிமெந்துத் தரையில் தூசி திட்டாகப் படிந்திருந்தது. அதில் எலிக்கால்கூடப் பதிந்திருக்கவில்லை. நீங்கள் போட்ட காசும் இல்லை. இரண்டாம் மாதமும் அப்படியே. மூன்றாம் மாதமும் அப்படியே. கதவில் பூட்டுத் தொங்கியது, பூட்டில் துரு ஏறியிருந்தது. அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடப் போவதை நிறுத்தினார்கள். உள்ளே யாரோ இருமுவதாகச் சொன்னார்கள்.

நான்காம் மாதம்தான் நான் அதைச் செய்தேன்.

நம் மகள் செல்வி ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணி இரத்தினபுரிப் பள்ளிக்கூடத்துக்குப் போக இருந்தாள். வெள்ளைச் சப்பாத்து இல்லாமல் வரக்கூடாது என்றார்கள். சம்பள நாள், நீங்கள் மேல் லயத்திலிருந்து இறங்கிக் குளிக்கப் போனதும், நான் பின்பக்கமாக ஏறினேன். ஒரு ஈர்க்குச்சியை அந்த இடைவெளியில் விட்டேன். தாள் அங்கேயே இருந்தது, குச்சியில் சிக்கி வெளியே வந்தது. எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஓப்பநாயக்கக் கடைத்தெருவில், "நங்கி, பிள்ளை வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுங்க" என்று சிங்களக் கடைக்காரர் தமிழில் சொன்னபடி வாங்கினேன். ரம்புக்கனையில் இருக்கும் அக்கா காசு அனுப்பினாள் என்று உங்களிடம் பொய் சொன்னேன். நீங்கள் சப்பாத்தைக் கையில் எடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்று கீழே வைத்தீர்கள்.

அடுத்த சம்பள நாள் நீங்கள் திரும்பி வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள்.

"என்னங்க?"

"போன மாசத்துது வந்து சேரலையாம்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லுவா" என்றீர்கள். சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தீர்கள்.

அன்றிலிருந்து சப்பாத்தைத் துடைக்கும்போதெல்லாம் கை கூசியது. கிராமத்தில் ஒரு சிங்கள நோனாவின் ரப்பர்க் காணியில் ஞாயிறுதோறும் புல் வெட்டப் போனேன். இடுப்பு வலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதாக உங்களிடம் ஏதோ உளறினேன். ஏழு ஞாயிறு. சேர்ந்த சில்லறையைக் கடையில் கொடுத்து ஒரே தாளாக மாற்றினேன்.

எல்லாரும் மலையில் வேலையாக இருக்கும் நண்பகல் நேரமாகப் பார்த்துப் போனேன். நல்ல வெயில். லயத்தில் ஓர் ஆள் இல்லை. கோழிகூடச் சத்தம் போடவில்லை. நீலக் கதவுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, "மாமா, நான்தான் எடுத்தேன், பிள்ளைக்காக" என்று சொல்லி, தாளைப் பாதிக்குமேல் உள்ளே தள்ளினேன். இன்னும் அதை விடவில்லை.

உள்ளே ஒருவர் இருமினார்.

என் கையிலிருந்த தாள் மெதுவாக, அவசரமே இல்லாமல், உள்ளே போனது. விடும்போது என் விரல்நுனியில் என்னமோ பட்டது. காய்ந்த, குளிர்ந்த தோல். நண்பகல் வெயிலில் அந்தக் குளிர்ச்சி முழங்கை வரைக்கும் ஏறியது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஸ்டோர் வாசலுக்கு வந்தபோது நீங்கள் புகைக்கூட்டு அடுப்பில் கட்டை தள்ளிக்கொண்டிருந்தீர்கள். மேலெல்லாம் வியர்வை. நெடுநேரமாக அந்தச் சூட்டில்தான் நின்றிருக்கிறீர்கள். அந்தக் கதவுக்கு உள்ளே இருந்து இருமியது நீங்களாக இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் ஓடி வந்தேன்.

"ஏன் புள்ள ஓடியாற?"

"ஒண்ணுமில்லைங்க."

அந்தச் சம்பள நாளில் நீங்கள் மேலேயிருந்து வந்து நன்றாகச் சாப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் குறைவு என்று சொல்லவில்லை. கடைசித் தவணை அன்று திரும்பி வந்து, "முடிஞ்சுது" என்றீர்கள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள். அடுத்த மாதம் முழுச் சம்பளத்தையும் என் கையில் கொடுத்தபோது, அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காம்பராவில் பிறகு புதிதாகக் கல்யாணமான ஒரு சோடி குடிவந்தது. இருமல் ஏதாவது கேட்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் சாடைமாடையாகக் கேட்டேன். அவள் சிரித்தாள். பிள்ளை பிறந்து, அதுதான் அழுதது.

உங்கள் நெஞ்சை அந்தப் புகை அரித்துவிட்டது. கடைசி நாட்களில் இரத்தினபுரி ஆஸ்பத்திரி வார்டில், பேசினால் மூச்சு வாங்கும் என்று நீங்கள் கையசைத்தே எல்லாம் கேட்பீர்கள். டீச்சர் வேலை கிடைத்த செல்வி வந்து போன மத்தியானம், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். தண்ணீர் வேண்டுமாக்கும் என்று குனிந்தேன்.

"அன்னைக்கு நீ போட்டது வந்து சேர்ந்துருச்சு" என்றீர்கள்.

நான் உங்களிடம் சொல்லவே இல்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. யார் சொன்னது என்று கேட்க வாயைத் திறந்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மறுநாள் விடியும்போது நீங்கள் இல்லை.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. பயமா என்றால் பயம்தான். செல்வியிடம்கூட இதைச் சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட இன்னொன்றுதான் என்னோடு அதிகம் இருக்கிறது. சப்பாத்து எந்தக் காசில் வந்தது என்று தெரிந்துகொண்டே, ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு நாள் முகம் சுளிக்காமல், இத்தனை வருடம் நீங்கள் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.